பசித்த தாயும் உரிமை பெற்ற தாயும்: பொலிவியாவில் நிலத்தைப் பற்றிய இறையியல்

நிலத்தைத் தாய் என்று வணங்கும் மக்கள், அந்த நிலத்தைக் குடைந்தெடுத்த உலோகத்தைக் கொண்டே ஏறத்தாழ 480 ஆண்டுகளாகத் தம் நாட்டின் பொருளாதாரத்தை நடத்திவந்திருப்பது எவ்வாறு என்னும் கேள்வி, பொலிவியாவின் வரலாற்றை எந்த முனையிலிருந்து படிக்கத் தொடங்கினாலும் எதிர்ப்படுகிறது. அந்தத் தாயின் பெயர் பச்சமாமா. ஆண்டிஸ் மலைத்தொடரின் பெருமொழிகளான கெச்சுவாவிலும் அய்மாராவிலும் வழங்கும் இப்பெயர், மண்ணை மட்டுமின்றி மண்ணோடு பிணைந்த காலச்சுழற்சியையும் உள்ளடக்கியது. 2009ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் முகவுரை, பச்சமாமாவின் வலிமையாலும் கடவுளின் அருளாலும் நாடு புதிதாக நிறுவப்படுவதாக அறிவிக்கிறது. 2010 டிசம்பரில் இயற்றப்பட்ட 71ஆம் எண் சட்டம் அந்தத் தாய்க்கு ஏழு உரிமைகளை வழங்கியது. அதே காலத்தில்தான் எரிவாயுவும் கனிமங்களும் ஏற்றுமதியில் முன்னெப்போதும் இல்லாத வருவாயை ஈட்டித்தந்தன. இதை அரசியல் போலித்தனம் என்று ஒதுக்குவோர் உண்டு. கொள்கைக்கும் நடைமுறைக்கும் எங்கும் உள்ள இடைவெளிதான் இது என்று அமைதி கூறுவோரும் உண்டு. மலைநாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாக வணங்கிவந்த தாயும் சட்டநூல் போற்றுகின்ற தாயும் ஒரே தாய்தானா என்று இரு தரப்பாரும் கேட்பதில்லை. கேட்டால், இரண்டுக்கும் இடையில் ஆழமான வேறுபாடு இருப்பது புலப்படும்.

பொலிவியா ஏறத்தாழ 11 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பும், 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 1.13 கோடி மக்களும் கொண்ட, கடற்கரை இல்லாத நாடு. பசிபிக் கரையோரம் அதற்கு ஒருகாலத்தில் இருந்த நிலப்பகுதியை 1879இல் தொடங்கிய போரில் சிலி நாட்டிடம் இழந்தது. மேற்கே, கடல்மட்டத்திலிருந்து 3,800 மீட்டர் அளவில் விரியும் ஆல்டிப்ளானோ என்னும் குளிர்ந்த மேட்டுச் சமவெளியில் அய்மாரா, கெச்சுவா மக்கள் வாழ்கின்றனர். கிழக்கிலும் வடக்கிலும் அமேசான் காடுகளும் புல்வெளிகளும் பரந்துகிடக்கும் தாழ்நிலத்தில் குவாரனி, சிக்கித்தானோ, மொஹெஞோ முதலிய பல இனத்தார் வாழ்கின்றனர். ஸ்பானிய மொழியுடன் 36 பூர்வகுடி மொழிகளும் ஆட்சிமொழிகளாக ஏற்கப்பட்டுள்ளன. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வயதுவந்தோரில் ஏறத்தாழ 62 சதவீதத்தினர் தம்மைப் பூர்வகுடியினர் என்று பதிவுசெய்தனர். 2012இல் அந்த விகிதம் 41 அளவுக்குக் குறைந்தது. பத்தாண்டுகளில் மக்கள் மாறிவிடவில்லை. கேள்வியின் அமைப்பும், நகரத்தில் வாழும் பூர்வகுடியினர் தம்மை எவ்வாறு அடையாளப்படுத்த விரும்பினர் என்பதுமே மாறின. பச்சமாமாவைப் பற்றிய பேச்சு மலைநாட்டிலிருந்து எழுந்தது என்பதும், நிலப்பரப்பில் பெரும்பகுதி தாழ்நிலம் என்பதும் பின்னால் வரும் செய்திகளுக்கு அடிப்படையானவை.

மலைநாட்டு வழிபாட்டில் பச்சமாமாவின் முதன்மையான இயல்பு பசி. அன்பு, கருணை, பொறுமை என்று பிற மரபுகளில் தாய்த் தெய்வத்துக்குச் சொல்லப்படும் குணங்கள் அவளுக்கும் உண்டென்றாலும், வழிபாடு நடப்பது அவளுடைய பசியை முன்னிட்டே. தென்கோளத்தில் குளிர்காலம் முடிந்து விதைப்புக்கு முன்வரும் ஆகஸ்ட் மாதத்தில் நிலம் வாய் திறக்கிறது என்பதும், அப்போது அதற்கு உணவிடாதவர் விளைச்சலையோ கால்நடையையோ தம் உயிரையோ இழக்க நேரும் என்பதும் பரவலான நம்பிக்கை. படையல் ‘மேசா’ எனப்படுகிறது. தரையில் விரித்த வெள்ளைக் காகிதத்தின் மேல் கோகா இலைகளையும், ஒட்டக இனத்தைச் சேர்ந்த லாமா என்னும் விலங்கின் கொழுப்பையும், நறுமணப் பிசினையும், வண்ணக் கம்பளி இழைகளையும் ஒழுங்காக அடுக்குகின்றனர். அவற்றின் நடுவே வீடு, வண்டி, பணம் முதலிய உருவங்கள் பதித்த சிறிய சர்க்கரை வில்லைகளை, வேண்டுதலுக்கு ஏற்பத் தேர்ந்தெடுத்து வைக்கின்றனர். பெரிய வேண்டுதலாயின் உலர்ந்த லாமாக் கரு ஒன்றையும் மேலே கிடத்துகின்றனர். யதிரி எனப்படும் அய்மாராச் சடங்கறிஞர் அதன்மேல் மதுவைத் தெளித்து, கரி நெருப்பில் முழுவதையும் எரிக்கிறார். சாம்பல் வெளுத்திருந்தால் தாய் ஏற்றுக்கொண்டாள் என்று பொருள். லா பாஸ் நகரின் பழைய தெருக்களில் இப்பொருள்கள் அனைத்தும் கடைகளில் வெளிப்படையாக விற்கப்படுகின்றன. புதிய கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டும்போது லாமாக் கருவைப் புதைக்காமல் வேலையைத் தொடங்கக் கொத்தனார்கள் தயங்குவர்.

இவ்வழிபாட்டின் பின்னே இருப்பது அய்னி என்னும் கருத்து. ஒருவர் வயலில் மற்றவர் உழைத்தால் அதே அளவு உழைப்பை அவருக்குத் திருப்பித் தர வேண்டும் என்னும் ஊர் வழக்கமே அய்னி. அவ்வழக்கம் மனிதரோடு நின்றுவிடாமல் மலைகளுக்கும் ஊற்றுகளுக்கும் இறந்தோருக்கும் நிலத்துக்கும் விரிகிறது. நிலம் உணவளிக்கிறது, ஆகவே நிலத்துக்கு உணவளிக்க வேண்டும். பெற்றதைத் திருப்பித் தராதவர் கடனாளி. அக்கடனைத் தாய் தானே வசூலித்துக்கொள்வாள். வட பொட்டோசிப் பகுதியிலுள்ள மாச்சா என்னும் ஊரில் ஒவ்வோர் ஆண்டும் மே 3 அளவில் நடக்கும் திங்கு என்னும் சடங்குச் சண்டையில், அண்டை ஊர்க்காரர்கள் கைகலந்து சிந்தும் இரத்தம் நிலத்துக்கான உணவாகவே கொள்ளப்படுகிறது. பல ஆண்டுகள் பொலிவியாவில் பணியாற்றிய சுவிஸ் மெய்யியலாளர் ஜோசப் எஸ்டர்மன், ஆண்டிஸ் சிந்தனையில் தனித்து நிற்கும் பொருள் என்று எதுவும் இல்லை, உறவுகளே முதற்பொருள் என்று விளக்கினார். அவ்விளக்கம் சரியானதே, ஆயினும் அந்த உறவு இனிமையானது என்று அதனால் பொருளாகிவிடாது. அது கணக்குப் பார்க்கும் உறவு, தவறினால் தண்டிக்கும் உறவு.

இந்த உறவின் மேல்தான் 1545இல் பொட்டோசி வந்து விழுந்தது. தியேகோ உவால்பா என்னும் பூர்வகுடி மனிதர் வெள்ளித் தாது இருப்பதைக் கண்டதாகச் சொல்லப்படும் செரோ ரிக்கோ, அதாவது வளமலை, சில பத்தாண்டுகளில் உலகின் மிகப்பெரிய வெள்ளிக் களஞ்சியமாகி, அதன் அடிவாரத்தில் 4,000 மீட்டர் உயரத்தில், நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த பொட்டோசி நகரத்தை உருவாக்கியது. 1570களில் ஸ்பானிய அரசப் பிரதிநிதி பிரான்சிஸ்கோ தெ தொலேதோ, மிதா என்னும் கட்டாய உழைப்பு முறையை ஒழுங்குபடுத்தினார். மலைநாட்டின் பதினாறு மாவட்டங்களிலிருந்து வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒரு பங்கினர், ஆண்டுக்கு ஏறத்தாழ 13,500 பேர், குடும்பத்தோடும் லாமாக்களோடும் வாரக்கணக்கில் நடந்து பொட்டோசி சேர வேண்டியிருந்தது. மிதா ஸ்பானியர் கண்டுபிடித்த ஒன்றன்று. இன்கா பேரரசிலும் குலத்தினரும் ஊரினரும் முறைவைத்து அரசுக்கு உழைத்தனர்; ஆனால் உழைப்பவர்க்கு அரசு சோறும் சோளக் கள்ளும் விருந்தும் அளிப்பது அதில் தவறாத நெறியாக இருந்தது. ஸ்பானிய ஆட்சி உழைப்பைப் பெறும் பாதியை வைத்துக்கொண்டு, உணவளிக்கும் பாதியை வெட்டியெறிந்தது. பெறுபவன் தரவேண்டும் என்னும் விதி அரசின் தரப்பில் முறிந்தது அப்போதுதான். பொலிவியாவின் பிற்கால வரலாறு முழுவதிலும் அந்த முறிவு மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருக்கிறது.

கிறித்தவத் தரப்பிலும் இது மனச்சான்றின் கேள்வியாக எழுந்தது. கெச்சுவா மொழிக்கு முதல் இலக்கணம் எழுதிய தொமினிக்கத் துறவி தொமிங்கோ தெ சாந்தோ தோமாஸ், 1550இல் அரசவைக்கு எழுதிய மடலில், பொட்டோசியை நரகத்தின் வாய் என்றும், ஸ்பானியர் தம் பேராசை என்னும் தெய்வத்துக்கு ஆண்டுதோறும் அதில் மனிதரைப் பலியிடுகின்றனர் என்றும் கண்டித்தார். சிலைவழிபாட்டை ஒழிக்க வந்த துறவி ஒருவர், மெய்யான சிலைவழிபாட்டைத் தம் நாட்டவரிடமே கண்டது அக்காலத்துக்கு அரிய நேர்மை. இயேசு சபையைச் சேர்ந்த ஹோசே தெ அகோஸ்தா வேறு திசையில் சென்றார். 1590இல் வெளியான தமது நூலில், அழகற்ற மகளுக்குத் தந்தை பெருஞ்சீதனம் தந்து மணமுடிப்பதுபோல, எவரும் நாடாத இந்நிலங்களுக்குக் கடவுள் வெள்ளியைச் சீதனமாகத் தந்து நற்செய்தி அங்கே போய்ச் சேர வழிசெய்தார் என்னும் கருத்தை எடுத்துரைத்தார். சுரங்கத்தின் கொடுமையை அறிந்திருந்த அறிஞர் அவர். அறிந்தும் இவ்வாறு எழுதியது, ஒரு பேரரசின் தேவையைக் கடவுளின் திட்டமாக மாற்றிவிடும் இறையியல் எவ்வளவு எளிதாகப் பிறக்கும் என்பதைக் காட்டுகிறது. அகோஸ்தாவின் பார்வையில் நிலம் சீதனம் கொண்டுவரும் பெண். அவளுக்குப் பசி இல்லை, அவளுக்கு எவரும் எதையும் திருப்பித் தர வேண்டியதும் இல்லை.

பூர்வகுடியினரின் விடை ஓவியத்தில் கிடைக்கிறது. பொட்டோசியின் பழைய நாணயச்சாலையான இன்றைய அருங்காட்சியகத்தில், 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, வரைந்தவர் பெயர் தெரியாத ஓவியம் ஒன்று இருக்கிறது. அதில் கன்னி மரியாளின் முகமும் கைகளும் செரோ ரிக்கோ மலையிலிருந்து வெளிப்படுகின்றன. மலையே அவளுடைய உடலாகவும் ஆடையாகவும் விரிந்திருக்கிறது. மேலே மூவொரு கடவுள் முடிசூட்டுகிறார். இருபுறமும் ஞாயிறும் திங்களும் உள்ளன. கீழே போப்பாண்டவரும் பேரரசரும் மண்டியிட்டிருக்கின்றனர். ஆடையின் மடிப்புகளில் சிறிய பாதைகளும் விலங்குகளும் மனிதர்களும், பழைய இன்கா மன்னர் ஒருவரும் காணப்படுகின்றனர். பொலிவியக் கலை வரலாற்றாசிரியர் தெரேசா கிஸ்பெர்ட், மரியாளும் பச்சமாமாவும் ஒன்றான உருவமாக இதை விளக்கினார். முழுவதும் கத்தோலிக்கப் பக்தியாகவே கொள்ள இயலும் என்று அவ்விளக்கத்தை மறுப்போரும் உள்ளனர். இரண்டில் எது சரியாயினும், ஓவியத்தை அருகில் சென்று பார்ப்பவர் தவறவிட முடியாதது, அந்தத் தாயின் மேனியில்தான் மனிதர்கள் ஏறி நடக்கிறார்கள் என்பதும், அவளுடைய உடலுக்குள்தான் சுரங்கங்கள் இருக்கின்றன என்பதும் ஆகும். போப்பும் பேரரசரும் வணங்குவதும் குடைவதும் ஒரே உடலைத்தான்.

மலைக்கு வெளியே மரியாள் ஆள, உள்ளே ஆள்பவர் வேறொருவர். சுரங்கத் தொழிலாளர் அவரை எல் தியோ, அதாவது மாமா என்று அழைக்கின்றனர். கொம்பும் விழித்த கண்களும் கொண்ட ஆளுயரக் களிமண் உருவம் ஒன்று சுரங்கத்தின் ஒதுக்குப்புறமான வழியில் அமர்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் தொழிலாளர்கள் அதன் மடியில் கோகா இலைகளைத் தூவி, ஏறக்குறையத் தூய சாராயத்தைத் தரையில் ஊற்றி, பற்றவைத்த சிகரெட்டை அதன் வாயில் செருகிவிட்டுத் தாமும் அருகே அமர்ந்து புகைக்கின்றனர். உலோகத்துக்கு உரிமையாளர் அவரே. ஆகஸ்ட் தொடக்கத்திலும் கார்னிவல் விழாவிலும் லாமாவைப் பலியிட்டு அதன் இரத்தத்தைச் சுரங்க வாயிலில் தெளிக்கின்றனர். லாமாவின் இரத்தம் கிடைத்தால் அவர் மனித இரத்தம் கேட்கமாட்டார் என்பது எண்ணம். 1970 அளவில் ஒருரோ நகரத்துத் தொழிலாளரிடையே வாழ்ந்து ஆய்வு செய்த மானிடவியலாளர் ஜூன் நாஷ், தாம் சுரங்கத்தைத் தின்பதாகவும் சுரங்கம் தம்மைத் தின்பதாகவும் அவர்கள் சொல்லிவந்ததையே 1979இல் வெளியான தம் நூலின் தலைப்பாக்கினார். கற்றூசியால் நுரையீரல் இறுகி நாற்பது வயதில் மூச்சுத்திணறும் மனிதருக்கு அது உருவகமே அன்று.

அடுத்த ஆண்டு வெளிவந்த நூலில் மைக்கேல் டாசிக் என்னும் மானிடவியலாளர், பரிமாற்றத்தையே நெறியாகக் கொண்ட பழைய வாழ்வை முதலாளித்துவம் சிதைத்ததன் குறியீடே தியோ என்று வாதிட்டார். சிந்தனையைத் தூண்டும் வாதம்தான். ஆயினும் தியோவை வெறும் தீமையின் உருவமாகக் கொள்வது தொழிலாளர்களின் சொந்தப் பேச்சோடு பொருந்தவில்லை. தியோ கொல்பவர், அதேவேளையில் தாதுவைக் காட்டுபவர். அவரோடு பேரம் பேசலாம், கோபிக்கலாம், கெஞ்சலாம். நாஷ் பதிவுசெய்துள்ள செய்தி ஒன்று இவ்விடத்தில் முக்கியமானது. பழைய முதலாளிகள் காலத்தில் விழா நாளில் தொழிலாளர்கள் மிகச் சிறந்த தாதுக்கட்டியை மேலாளருக்கு வழங்க, அவரும் துணிமணிகளைப் பரிசாகத் தந்து அவர்களோடு அமர்ந்து குடித்ததாக முதியவர்கள் நினைவுகூர்ந்தனர். 1952 புரட்சிக்குப் பின் சுரங்கங்கள் அரசுடைமையாகி, மக்களின் பெயரால் அரசு நிறுவனம் அவற்றை நடத்தத் தொடங்கியபோது அந்தப் பரிமாற்றம் தேய்ந்தது. வெள்ளீயச் செல்வர் சிமோன் பாத்தீஞோ சுரண்டியவர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. இருந்தும், அவருடைய காலத்தில் கடமைக்கு ஒரு முகம் இருந்தது என்று அத்தொழிலாளர்கள் எண்ணினர். மக்களின் அரசு வந்தபோது அந்த முகம் மறைந்தது.

மலைநாட்டுக் குடியானவர்கள் அரசையும் இதே கண்கொண்டு பார்த்தனர். ஐயு என்பது உறவுமுறையாலும் பொது நிலத்தாலும் பிணைந்த ஊர்க்கூட்டமைப்பு. 1825 ஆகஸ்ட் 6இல் விடுதலை பெற்ற பொலிவியக் குடியரசு, ஸ்பானியர் விதித்த பூர்வகுடித் தலைவரியைச் சிறிது காலத்திலேயே மீண்டும் வசூலிக்கத் தொடங்கியது. வரி ஒடுக்குமுறையின் சின்னமாயிற்றே, மக்கள் அதன் ஒழிப்பை வரவேற்றிருப்பர் என்றே எவரும் எதிர்பார்ப்பர். வட பொட்டோசி ஐயுக்களை ஆராய்ந்த டிரிஸ்டன் பிளாட் வேறொன்றைக் காட்டினார்: தாம் வரி செலுத்துவதால் அரசு தம் பொது நிலத்தைக் காக்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று அவர்கள் புரிந்துகொண்டிருந்தனர். 1874ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்ப் பொது நிலங்களைத் தனியுடைமையாகப் பிரித்து, ஐயுவைச் சட்டத்தின் கண்ணில் இல்லாததாக்கியபோது, அவர்கள் அதை உடன்படிக்கை மீறலாகவே கண்டு கிளர்ந்தெழுந்தனர். தனிமனித உரிமை என்னும் முற்போக்குக் கொள்கையின் பெயரால் வந்த அச்சட்டம், அடுத்த அரை நூற்றாண்டில் ஊர் நிலங்கள் பெரும்பண்ணைகளுக்குக் கைமாற வழிதிறந்தது. உரிமையின் மொழி பொலிவிய மலைநாட்டுக்கு முதன்முதலில் அறிமுகமானது இவ்வாறுதான்.

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1985இல் உலகச் சந்தையில் வெள்ளீய விலை சரிந்தது. அரசு நிறுவனம் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை வெளியேற்றியது. அவர்கள் எல் ஆல்தோ நகரின் புறவெளிகளுக்கும், கோகா பயிரிடும் சப்பாரே பகுதிக்கும் குடிபெயர்ந்து, சங்கப் பழக்கத்தையும் மலைநாட்டுச் சடங்குகளையும் தம்மோடு கொண்டுசென்றனர். கோகா விவசாயிகளின் தலைவரான அய்மாரா இனத்தவர் ஏவோ மொராலெஸ் 2005 டிசம்பரில் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பதவியேற்புக்கு முந்தைய நாளான 2006 ஜனவரி 21இல், தியவானாக்கு தொல்நகரின் இடிபாடுகளில் சடங்கறிஞர்களிடம் கோலைப் பெற்றார். 2009 அரசமைப்பு கத்தோலிக்கத்தின் தனிச்சிறப்பை நீக்கி அரசை மதத்திலிருந்து பிரித்தது. அதே ஏட்டின் தொடக்கத்தில் பச்சமாமா இடம்பெற்றாள். மதச்சார்பின்மையும் புதிய புனிதமும் ஒரே நாளில் பிறந்த இந்த முரண், அப்போது அதிகம் விவாதிக்கப்படவில்லை.

2010 ஏப்ரலில் கோச்சபாம்பா அருகே திகிபாயா என்னும் ஊரில் காலநிலை மாற்றம் குறித்த உலக மக்கள் மாநாடு கூடி, தாய்நிலத்தின் உரிமைகளை அறிவித்தது. அவ்வறிவிப்பை வரைவதில் தென்னாப்பிரிக்க வழக்கறிஞர் கார்மாக் கல்லினன் முக்கியப் பங்காற்றினார். அதற்கும் பின்னால், மரங்களுக்கு நீதிமன்றத்தில் வழக்காடும் தகுதி உண்டா என்று 1972இல் கேட்ட அமெரிக்கச் சட்ட அறிஞர் கிறிஸ்டோபர் ஸ்டோனின் சிந்தனை இருந்தது. குழந்தைக்கும் நிறுவனத்துக்கும் பிறர் வழக்காடுவதுபோல ஆற்றுக்கும் காட்டுக்கும் காப்பாளர் ஒருவர் வழக்காடலாம் என்பது ஸ்டோனின் வாதம். சிறந்த வாதம் அது. ஆனால் அதன் ஊற்று யதிரிகளின் மரபில் இல்லை. மாநாட்டின் பதினேழு அதிகாரபூர்வக் குழுக்களுக்கு வெளியே, பதினெட்டாவது மேசை என்ற பெயரில் மலைநாட்டு ஐயு அமைப்புகள் தனியே கூடி, பொலிவியாவுக்குள்ளேயே நடக்கும் சுரங்க, எரிவாயுத் திட்டங்களை விவாதிக்கக் கோரியபோது, அரசு அதற்கு மாநாட்டில் இடமளிக்க மறுத்தது. தாயைப் பற்றிப் பேசலாம், தாயை இப்போது யார் தின்கிறார் என்று பேசக்கூடாது என்பது அதன் பொருள்.

சட்டம் எண் 71 தாய்நிலத்துக்கு உயிர்வாழ்வு, உயிர்ப்பன்மை, நீர், தூய காற்று, சமநிலை, மீட்பு, மாசின்மை ஆகிய ஏழு உரிமைகளை அளித்து, அவற்றைக் காக்கத் தனிக் காப்பாளர் அலுவலகம் ஒன்றை நிறுவவும் விதித்தது. 2012இல் வந்த 300ஆம் எண் சட்டம், முழுமையான வளர்ச்சி என்னும் நோக்கத்தையும் அதனோடு இணைத்தது. மற்றோர் ஆண்டிஸ் நாடான எக்குவடோர் 2008இல் இயற்கையின் உரிமைகளை அரசமைப்பிலேயே எழுதி, நீதிமன்றங்கள் அதை வைத்துத் தீர்ப்பளிக்கத் தொடங்கின. 2021இல் லோஸ் செத்ரோஸ் காட்டில் சுரங்க அனுமதி அவ்வாறே செல்லாததாக்கப்பட்டது. பொலிவியாவில் காப்பாளர் அலுவலகம் ஆண்டுகள் பல கடந்தும் செயல்வடிவம் பெறவில்லை. பழைய உறவில் எடுப்பவனே கடனாளி, அவனே உணவிடவேண்டியவன், தவறினால் அவனுடைய உடலே ஈடு. புதிய உறவில் தாய்க்கு உரிமை உண்டு, அதற்கு எதிரான கடமை எவருடைய தலையிலும் இறங்கவில்லை. கடமைப்பட்டவர் பெயர் குறிக்கப்படாத உரிமை நடைமுறையில் வாழ்த்துரையாகவே நின்றுவிடுகிறது.

2011இல் இது வெளிப்பட்டது. இசிபோரோ செக்கூரே என்னும் பூர்வகுடி நிலமும் தேசியப் பூங்காவுமான காட்டின் குறுக்கே சாலை அமைக்க அரசு முயன்றபோது, ஆகஸ்ட் 15இல் திரினிதாத் நகரிலிருந்து லா பாஸ் நோக்கித் தாழ்நில மக்கள் நடக்கத் தொடங்கினர்; செப்டம்பர் 25இல் சப்பாரீனா என்னும் இடத்தில் காவல்துறையினர் அவர்களைத் தாக்கிக் கட்டிப்போட்டனர். நாடே கொந்தளித்ததால் அக்டோபரில் காட்டைத் தீண்டக்கூடாதென்று இயற்றப்பட்ட சட்டம், 2017இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தக் காட்டில் வாழும் மொஹெஞோ மக்களுக்குப் பச்சமாமா மரபுவழித் தெய்வம் அன்று. ரப்பர் முதலாளிகளிடமிருந்தும் பண்ணையாரிடமிருந்தும் தப்பி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் லோமா சாந்தா என்னும் புனித மேட்டைத் தேடி அவர்கள் காடுகளுக்குள் நடந்தனர்; கிறித்தவப் பேறுலகமும் காட்டின் வளமும் கலந்த அந்த நம்பிக்கையே பலரை அங்குக் குடியேற்றியது. மலைநாட்டுத் தாயின் பெயரால் ஆண்ட அரசு, தாழ்நிலத்தாரின் புனிதத் தலத்தைக் காலியிடமாகக் கண்டது. குவாரனியரின் தீதில்லா நிலம் என்னும் இலட்சியம் அரசமைப்பின் எட்டாவது பிரிவில் நெறியாகப் பொறிக்கப்பட்டிருந்தும் இவ்வாறு நேர்ந்தது.

அரசின் தரப்பிலும் வலுவான அறவாதம் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. எரிவாயு வருவாயிலிருந்து பள்ளிக் குழந்தைகளுக்கு உதவித்தொகையும் முதியோர்க்கு ஓய்வூதியமும் வழங்கப்பட்டன. 2005இல் மக்களில் ஏறத்தாழ 60 சதவீதமாக இருந்த வறுமை, 2018க்குள் 40க்கும் கீழே இறங்கியது. துணைத் தலைவர் ஆல்வரோ கார்சியா லினேரா 2012இல் எழுதிய நூலில், வறுமையிலிருந்து மீளும்வரை கனிமங்களையும் எரிவாயுவையும் எடுப்பது தவிர்க்க இயலாத இடைக்காலம் என்றும், காட்டைக் காக்கச் சொல்லும் வெளிநாட்டுக் குரல்களுக்குப் பின்னால் வேறு நலன்கள் இருக்கின்றன என்றும் வாதிட்டார். பசித்த குழந்தைக்குச் சோறிடுவது தாய்க்குச் செய்யும் தொண்டே என்று இதைச் சுருக்கலாம். இதற்குப் பழைய மரபே மறுமொழி தருகிறது: எடுப்பதை அது ஒருபோதும் தடுக்கவில்லை, எடுத்தவர் திருப்பித் தந்தாரா என்றே கேட்டது. வருவாய் மக்களுக்குச் சென்றது. குடையப்பட்ட மலைக்கும், மாசுபட்ட ஆற்றுக்கும், வெட்டப்பட்ட காட்டுக்கும் என்ன சென்றது?

அக்கேள்விக்கு விடை நிலத்தின் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது. நாட்டின் இரண்டாவது பெரிய ஏரியான பூப்போ, வறட்சியாலும் ஆற்றுநீர் திசைதிருப்பப்பட்டதாலும் சுரங்க வண்டலாலும் 2015இல் வற்றிப்போக, அதில் மீன்பிடித்து வாழ்ந்த உரு இனத்தார் வாழ்வாதாரம் இழந்தனர். 2019இல், காடுகளில் கட்டுப்படுத்திய தீவைப்புக்கு அனுமதியளித்த ஆணை வெளிவந்த ஓரிரு மாதங்களுக்குள், 50 லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட காடும் புல்வெளியும் எரிந்தன; 2024இல் எரிந்த பரப்பு ஒரு கோடி ஹெக்டேரைத் தாண்டியது. செரோ ரிக்கோவின் உச்சி 2011இல் உள்வாங்கிக் குழியானது. யுனெஸ்கோ 2014இல் பொட்டோசியை அழிவை எதிர்நோக்கும் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் ஆயிரக்கணக்கான கூட்டுறவுத் தொழிலாளர்கள் இன்றும் உள்ளே இறங்குகின்றனர், வெள்ளிக்கிழமைகளில் தியோவுக்குச் சிகரெட் பற்றவைக்கின்றனர்.

பழைய வழிபாட்டைப் பொன்னுலகமாக்குவதும் தவறு. படையலிட்டதால் சுரங்கத் தொழிலாளியின் நுரையீரல் பிழைக்கவில்லை; லாமாவின் இரத்தம் மலையின் உச்சியைத் தாங்கிப்பிடிக்கவுமில்லை. அய்னி, ஒருவரை ஒருவர் முகமறிந்த ஊரின் அளவுக்கு உருவான நெறி. யூயுனி உப்புப்பரப்பின் அடியிலுள்ள லித்தியம், தொலைநாட்டு மின்கலத்துக்குள் சென்று சேரும்போது, எடுத்தவர் யார், எந்த வாயில் உணவிடுவது என்பதே குழம்பிவிடுகிறது. பச்சமாமாவை அரசியல் கொடியாக்கியதன் விளைவும் கசப்பானது. 2019 நவம்பரில் மொராலெஸ் பதவி துறந்து வெளியேறியபின் இடைக்காலத் தலைவராகப் பொறுப்பேற்ற ஹெனினே ஆன்யெஸ், பெரிய பைபிளை ஏந்தி, அது அரண்மனைக்குத் திரும்பிவிட்டதாக அறிவித்தார். பூர்வகுடியினரின் பன்னிறக் கொடியான விபாலா தெருக்களில் எரிக்கப்பட்டது. தெய்வத்தை அரசு தன் முத்திரையாக்கினால், அரசு கவிழும்போது அந்தத் தெய்வமும் தெருவில் அவமதிக்கப்படுகிறது. சமூகவியலாளர் சில்வியா ரிவேரா குசிகாங்கி, அருகில் கறுப்பும் வெள்ளையும் தனித்தனிப் புள்ளிகளாகவும் தொலைவில் சாம்பல் நிறமாகவும் தோன்றும் நிறக்கலவையைக் குறிக்கும் சிக்சி என்னும் அய்மாரா வழக்கால், ஒன்றில் ஒன்று கரையாமல் இணைந்து வாழும் பொலிவியச் சமுதாயத்தை விளக்கினார். மரியாளும் பச்சமாமாவும் தியோவும் மக்களிடம் அவ்வாறே மோதலின்றி வாழ்கின்றனர். அவர்களைப் பிரித்து அணிவகுக்கவைப்பது அதிகாரப் போட்டியே.

ஆகவே, நிலத்துக்கு உரிமை வழங்கியது பொலிவியா செய்த பிழை அன்று. தன் மக்கள் அறிந்திருந்த கடனை அவ்வுரிமையோடு சேர்த்து எழுதாததே பிழை. எடுக்கும் நிறுவனமும் எடுக்க அனுமதிக்கும் அமைச்சும் எந்த ஆற்றுக்கு, எந்த மலைக்கு, எவ்வளவு திருப்பித் தரக் கடமைப்பட்டவை என்பது பெயரோடும் அளவோடும் சட்டத்தில் இடம்பெற வேண்டும். தவறினால் அவையே ஈடுகட்ட வேண்டும். அதற்கு முதற்படியாக, 2010ஆம் ஆண்டின் சட்டம் விதித்த காப்பாளர் அலுவலகத்தைப் பொலிவிய அரசு திறக்கட்டும். அந்த அலுவலகத்தின் முதல் வழக்கு பூப்போ ஏரியைப் பற்றியதாக இருக்கட்டும்.